இடப்பக்கம் தள்ளிய பென்சில்

"பென்சிலைக் குடு."

"இருங்க அண்ணி, யோசிச்சிட்டு இருக்கேன்."

"யோசிச்ச வரைக்கும் போதும். இப்படிக் குடு."

சிட்டு கொடுத்துவிட்டாள். கணக்கு டீச்சர் சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றி, சரசரவென்று ரெண்டு வரி எழுதி, விடைக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

"பாத்தியா? இவ்வளவுதான் விஷயம்."

"அடேயப்பா! உங்க கை பட்டா கணக்கு வெண்ணெயா உருகுதே அண்ணி. என்கிட்ட மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கு."

டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் யாராவது கணக்குப் போடும்போது பென்சில் நின்றுவிட்டால் போதும், அடுப்பில் பால் பொங்கி வழியப் போவதைப் பார்த்தவள்போல் உடம்பு பதறும். கை தானாக நீளும். வகுப்பிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். அதை வியாதி என்று யாரும் சொன்னதில்லை. 'எங்க கணக்கு டீச்சர் மாதிரி கூட உக்காந்து போட்டுக் குடுக்கறவங்க யாரு இருக்காங்க?' என்று தலைமை ஆசிரியை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கணவன் சொன்னான்: "சிட்டு, உங்க அண்ணிக்கு நின்னுபோன கணக்கைப் பாத்தா கை அரிக்கும். லிஃப்ட் நின்னுபோச்சுன்னு போன் வந்தா நான்கூட இந்த வேகத்துல ஓட மாட்டேன்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் ஓட மாட்டான் என்பது ஊருக்கே தெரியும்.

சிட்டு அவனுடைய தங்கை. முப்பதைத் தாண்டியவள். சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராமல் தத்திக்கொண்டே இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலை. படுக்கை விரிப்பு மாற்றுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, தள்ளுவண்டி தள்ளுவது. ஆனால் மனசெல்லாம் நர்ஸ் படிப்பின்மேல். வேலையில் இருக்கிறவர்களுக்கென்று அந்தப் படிப்பில் சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். நுழைவுத் தேர்வில் தேறினால் சேரலாம். வயது வரம்பு சிட்டுவுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. மற்ற தாள்களில் அவளுக்குப் பயமில்லை. கணக்குதான் வழியை மறித்து நின்றது.

"கவலைப்படாதே, நான் இருக்கேன்" என்று சொல்லித்தான் டீச்சர் அவளை மேசைக்கு இழுத்தாள். நாத்தனார் வலப்பக்க நாற்காலி, அண்ணி இடப்பக்க நாற்காலி. சாயங்காலம் விளக்கு வைத்தால் இருவரும் கணக்கோடுதான்.

தேர்வு நாள் வந்தது. தேர்வறை மேற்பார்வைக்கு டீச்சரையும் போட்டிருந்தார்கள். "என் நாத்தனார் எழுதறா, அவ இருக்கிற அறை எனக்கு வேண்டாம்" என்று அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். மாடியில் வேறு அறை கொடுத்தார்கள்.

பாதித் தேர்வில் ரஃப் தாள் தீர்ந்துபோய், வாங்கிவரக் கீழே இறங்கினாள். தாழ்வாரத்தில் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்துவிட்டாள்.

சிட்டு முன் வரிசையில் இருந்தாள். மளமளவென்று பென்சில் ஓடியது. டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு பென்சில் நின்றது. சிட்டு தாளையே பார்த்தாள். அப்புறம் பென்சிலை மெதுவாகப் படுக்க வைத்து, இடப்பக்கமாகத் தள்ளினாள். கூர்முனை தன் பக்கம், பிடிக்கிற முனை அந்தப் பக்கம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

இடப்பக்கம் யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து யாரோ உலுக்கியதுபோல் நிமிர்ந்து, பென்சிலை எடுத்து அடுத்த கணக்குக்குப் போனாள். அங்கேயும் ரெண்டு வரி. அங்கேயும் பென்சில் நின்றது. அங்கேயும் இடப்பக்கம் போனது.

"என்ன டீச்சர், தாள் வாங்கலையா?" பின்னாலிருந்து பியூன் கேட்டான்.

"ஆங்... வாங்கணும்."

என்ன வாங்க வந்தோம் என்பதே அவளுக்கு ஒரு கணம் நினைவில் இல்லை.

அடுத்த நாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு கொடுத்துவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். வருஷக்கணக்காக நடக்கிற நடைதான். அன்றைக்குத்தான் கண் திறந்து நடந்தாள். அவள் நெருங்க நெருங்கப் பென்சில்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இத்தனை நாளும் அதை மரியாதை என்று நினைத்திருந்தாளே!

ஓரத்துப் பெஞ்சில் ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "நான் ரெடி, டீச்சர்."

"எதுக்கு ரெடி?"

"நீங்க போடறதுக்கு."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்து வைத்தாள்.

முடிவு வந்தபோது நினைத்தபடிதான் இருந்தது. எல்லாத் தாளிலும் தேறி, கணக்கில் மட்டும் சிட்டு போய்விட்டாள். ஒரு தாளில் போனவர்களுக்கு மறுதேர்வு உண்டு. ஒரே ஒரு தடவை. அதிலும் போனால் அதோடு சரி; தள்ளுவண்டிதான்.

சிட்டு சாப்பாட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

"நான் ஒரு மக்கு, அண்ணி. மக்கை வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க, பாவம்!"

"அப்படியெல்லாம் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்றது? வீட்டுல உங்க பக்கத்துல உக்காந்தா எல்லாம் வருது. அங்க போனா பாதியில நின்னுடுது. ஏன் நின்னுடுதுன்னே தெரியலையே!"

டீச்சருக்குத் தெரியும். கண்ணாடி வழியே பார்த்தவள் அவள் ஒருத்திதான். நாத்தனாரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது, உள்ளேயே திரும்பிவிட்டது.

"உன் பாடு வீணாப் போச்சே" என்று கணவன் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். "வேற யாரு இப்படி உக்காந்து சொல்லிக் குடுப்பாங்க?"

"விடுங்க" என்றாள். அது வேறுவிதமாகக் கேட்டது. அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள் இருவரும்.

சிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், அறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தாள். உள்ளே ஒரு ஜோடி செருப்பு. அடிப்பாகம் பஞ்சுபோல் மெத்தென்று இருந்தது.

"வார்டுல நர்ஸக்கா எல்லாம் இதான் போடறாங்க. நாள் முழுக்க நின்னாலும் குதிகால் வலிக்காதாம். பாஸானா உங்களுக்குக் குடுக்கலாம்னு வாங்கி வச்சேன். ஃபெயிலானா என்ன, நீங்க எனக்காக நின்னது நின்னதுதானே? போடுங்கண்ணி."

"இப்ப எதுக்குடி இதெல்லாம்?"

"போடுங்கன்னா!"

போட்டுக்கொண்டாள். அவ்வளவு மெத்தென்ற செருப்பு முள்ளாய்க் குத்துமா? குத்தியது. மறுநாளிலிருந்து அது வாசலோரம் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

சொல்லத் துணிவில்லாதவர்கள் திருத்திக் காட்டிவிடலாம் என்று நினைப்பார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்தாள். மறுதேர்வுக்கு மேசையில் உட்கார்ந்தபோது ஒரு முறம் பூண்டை மடியில் வைத்துக்கொண்டாள். ரெண்டு கைக்கும் வேலை. இனி எது நீளும்?

சிட்டு ரெண்டு வரி போட்டாள். நின்றாள். பென்சில் படுத்தது, இடப்பக்கம் நகர்ந்து வந்தது.

டீச்சர் பூண்டு உரித்தாள்.

"அண்ணி."

"ம்?"

"நின்னுடுச்சு."

"யோசி."

"யோசிச்சிட்டேன்."

"இன்னும் கொஞ்சம் யோசி."

சிட்டு பென்சிலைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், பூண்டைப் பார்த்தாள். "இவ்வளவு பூண்டை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? வீட்டுல பேய் கீய் வந்துடுச்சா?"

டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்தால் கை நீண்டுவிடும் என்று பயம். அந்தப் பயம் முகத்தில் கடுகடுப்பாகத் தெரிந்ததை அவள் எங்கே கண்டாள்?

மூன்றாம் நாளும் இதே கதை. அன்றைக்கு சிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"போதும் அண்ணி. எனக்குப் புரியுது."

"என்ன புரியுது?"

"நீங்களும் கைவிட்டுட்டீங்கன்னு. தேறாத கேஸுன்னு டாக்டர் முடிவு பண்ணா ஃபைலை மூடி கட்டில்ல தொங்க விடுவாரு, ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நான் நித்தம் பாக்கறேன். அந்த மூஞ்சி எனக்குத் தெரியும்."

"ஐயோ, அது இல்லடி..."

"பரவாயில்ல. உங்க மேல தப்பு இல்ல. எத்தனை நாளைக்குத்தான் மாரடிப்பீங்க? நான் மறுதேர்வுக்குப் போகலை."

"சிட்டு, உக்காரு. நான் உன்னைப் பாத்தேன்."

"என்னைப் பாத்தீங்களா? எங்க?"

"பரீட்சையில. கதவுக் கண்ணாடி வழியா." முறத்தைக் கீழே வைத்தாள். விரலெல்லாம் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது. "நீ பாதிவரைக்கும் நல்லாத்தான் போட்ட. நின்னதும் பென்சிலைக் கீழ வச்சு இந்தப் பக்கம் தள்ளின. நான் எடுத்துப் போடுவேன்னு காத்துக்கிட்டு இருந்த. நான் பாத்த ரெண்டு கணக்குக்கும் அப்படித்தான். உனக்கு மூளை இல்லாம இல்ல. நான் கெடுத்து வச்சது அது. நீ நின்ன இடத்துல உன்னை ஒரு நாளும் நிக்க விட்டதே இல்ல நான்."

சிட்டு தன் கையைப் பார்த்தாள். பென்சில் மேசையின் இடது ஓரத்தில் கிடந்தது. இப்போதும் கூர்முனை அவள் பக்கம்தான்.

"பரீட்சை அன்னிக்கே பாத்தீங்களா?"

"ம்."

"ரிசல்ட் வந்தன்னிக்கு நான் இதே மேசையில மக்கு மக்குன்னு அழுதேனே. அப்ப உங்களுக்குத் தெரியும்."

டீச்சர் விரலில் ஒட்டிய பூண்டுத் தோலைப் பிய்த்தாள்.

"முதுகைத் தடவிக் குடுத்தீங்களேண்ணி! 'அப்படிச் சொல்லாதே'ன்னு சொல்லத் தெரிஞ்சுது. 'உன்னால இல்ல, என்னாலதான்'னு சொல்ல வாய் வரலை. நான் என்னை மக்குன்னு நினைச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, உங்க பேரு மட்டும் கெடக்கூடாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றாள் டீச்சர். வேறு என்ன சொல்வது? அப்படித்தான்.

சிட்டு பென்சிலை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்." "சரி." "டியூட்டி எப்ப?" "காலையில." அவ்வளவுதான். ஆனால் டியூட்டி முடிந்து வந்ததும் அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. நாற்காலி கிறீச்சிட்டது. ரப்பர் அழிக்கிற அழியில் மேசை ஆடியது. நடுநடுவே வசவு.

"என்னாங்கற இப்ப? அஞ்சுல போக மாட்டியா நீ? போ சனியனே, பத்துல போ!"

கணவன் வாசலில் நின்று காது கொடுத்தான். "உள்ள யாரோட சண்டை?"

"கணக்கோட" என்றாள் டீச்சர்.

"யாரு ஜெயிக்கறா?"

"தெரியலை. உள்ள போகாதீங்க."

"நான் எதுக்குப் போறேன்? நீதான் கதவுக்கு எதிர்ல நாற்காலி போட்டுக் காவல் காக்கற."

அது உண்மைதான். உள்ளே பென்சில் நிற்கும்போதெல்லாம் இவளுக்கு வெளியே தெரியும். நிசப்தம் ஒன்று வரும். அந்த நிசப்தத்தில் எழுந்து போய்க் கதவைத் தட்டாமல் உட்கார்ந்திருப்பதுபோல் கஷ்டமான வேலையை அவள் செய்ததே இல்லை. உள்ளங்கைகளைத் தொடைக்குக் கீழே கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கை மரத்துப்போகும். போகட்டும் என்று இருந்தாள்.

ஒரு சாயங்காலம் கதவு திறந்தது. சிட்டு தாளோடு வந்து வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

"ஒரு கணக்கு. பென்சிலைத் தொடக்கூடாது. வாயையும் ரொம்பத் திறக்கக்கூடாது."

"சரி."

"அறுநூறு மில்லி குளுக்கோஸ். அஞ்சு மணி நேரத்துல ஏத்தணும். ஒரு மில்லிக்கு இருபது துளி. நிமிஷத்துக்கு எத்தனை துளி?"

டீச்சருக்குக் கேட்கும்போதே விடை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அறுநூறை இருபதால பெருக்கினா பன்னெண்டாயிரம் துளி. அஞ்சால வகுத்தா ரெண்டாயிரத்து நானூறு." சிட்டு எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "சரியா?"

இதோ, தப்பு பளிச்சென்று கண்ணெதிரே இருக்கிறது. ஒரு வார்த்தை போதும். மணியா, நிமிஷமா என்று கேட்டால் போதும். டீச்சர் கைமேல் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

"நீ என்ன நினைக்கற?"

"நான் நினைக்கறதுக்கா உங்ககிட்ட வந்தேன்?"

"வாயை ரொம்பத் திறக்கக்கூடாதுன்னு நீதான் சொன்ன."

சிட்டு உர்ரென்று தாளைப் பார்த்தாள். பென்சில் விரலிடுக்கில் சாய்ந்தது. மேசையைத் தொடப் போனது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பென்சில் மறுபடி நிமிர்ந்தது.

"நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு துளின்னா... அண்ணி, இது டிரிப் இல்ல, குழாய்! பேஷண்ட் கட்டிலோட மிதந்துடுவான்!"

சிரித்துவிட்டாள். இத்தனை நாளில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே தாளைத் திரும்பப் பார்த்தாள். "அஞ்சு மணி நேரம்... அஞ்சு மணி நேரம்தானே போட்டேன்? இது நிமிஷமே இல்லையே. ஒரு மணிக்குத்தான் ரெண்டாயிரத்து நானூறு. அப்ப அறுபதால வகுத்தா..." பென்சில் ஓடியது. "நாப்பது! நாப்பதுதான். அப்படித்தான் விழும், நான் பாத்திருக்கேன்."

டீச்சர் தலையாட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழறீங்களா?"

"கை மரத்துப்போச்சு" என்று கையை உருவி உதறிக் காட்டினாள்.

"கைமேலயா உக்காந்திருந்தீங்க?" சிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லா வேணும்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. ஆனால் மறுநாளும் சிட்டு மேசைக்கு வந்தாள்.

மறுதேர்வு அன்று டீச்சர் மேற்பார்வைக்குப் போகவில்லை. சிட்டு திரும்பி வரும்வரை வீட்டில் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி?"

"ஒண்ணு வரலை" என்றாள் சிட்டு, பையை இறக்கியபடி. "கடைசிவரைக்கும் வரலை. மணி அடிச்சுட்டாங்க. ஆனா பென்சிலைக் கீழ வைக்கலண்ணி. பிடுங்காத குறையா வாங்கினாங்க."

"எந்தக் கணக்கு?"

"எழுபது சதவீத ஸ்பிரிட் ஒரு லிட்டர் இருக்கு. ஐம்பது சதவீதமா ஆக்கணும். எவ்வளவு தண்ணி ஊத்தணும்? இருபது குறையணும், அதனால இருநூறு மில்லின்னு தோணுது. ஆனா ஏதோ இடிக்குது."

"அது வந்து..."

"சொல்லாதீங்க!" சிட்டு கையை நீட்டித் தடுத்தாள். "சொன்னீங்கன்னா அப்புறம் பேச மாட்டேன்."

டீச்சர் வாயை மூடிக்கொண்டாள்.

முடிவு வந்தது. சிட்டு தேறிவிட்டாள். பெரிய மார்க் இல்லை. வாசற்படியில் கால் தடுக்கி உள்ளே விழுந்த மாதிரி. விழுந்தாலும் உள்ளேதான் விழுந்தாள். கணவன் வீட்டுக்குள்ளேயே தங்கையைத் தூக்கிச் சுற்றினான். "எல்லாம் டீச்சரம்மா புண்ணியம்!" என்றான்.

"இல்லைங்க" என்றாள் டீச்சர். "முதல் தடவை அவ போனது என்னால. இந்தத் தடவை தேறினது அவளால."

அவன் புரியாமல் இருவரையும் பார்த்தான். சிட்டு மறுத்துப் பேசவில்லை. "ஆமாண்ணா" என்றாள்.

அது வலித்தது. வலித்தாலும் சரியாக இருந்தது.

வகுப்பில் டீச்சர் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறாள். 'டீச்சர் கையில அடியா?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பென்சில்கள் இன்னும் படுத்துக்கொள்ளத்தான் செய்கின்றன. ஆனால் அவள் நகராமல் நின்றால் ஒன்றிரண்டு முனகிக்கொண்டே எழுந்திருக்கின்றன. இவர்களுக்காவது இவள் இருக்கிறாள். ஏற்கெனவே அவள் வகுப்பைத் தாண்டிப் போனவர்கள்? நல்ல மார்க் வாங்கி, 'எங்க டீச்சர் மாதிரி வராது' என்று சொல்லிக்கொண்டு போனார்களே, அவர்கள்? எந்தெந்த அறையில், எந்தெந்த மேசையில், நின்றுபோன ஒன்றை இடப்பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களோ? தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்களோ? அவர்களை எந்தக் கதவுக் கண்ணாடி வழியாகப் போய்ப் பார்ப்பது?

அன்று சாயங்காலம் சிட்டு டியூட்டி முடித்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினாள்.

"நானூறு!"

"என்ன நானூறு?"

"நானூறு மில்லி தண்ணி! ஸ்பிரிட் எழுநூறு அப்படியேதான் இருக்கும். தண்ணி ஊத்த ஊத்த மொத்தம்தான் ஏறும். எழுநூறு பாதின்னா மொத்தம் ஆயிரத்து நானூறு. விரிப்பு மாத்திக்கிட்டே இருந்தேன், வந்துடுச்சு. அந்த நோயாளியம்மாகிட்டயே சொன்னேன். 'சந்தோஷம்மா, முதல்ல தலையணையை வை'ங்கறாங்க."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். இத்தனை நாளும் நாக்குக்கு அடியில் வைத்திருந்த விடை கரைந்து போனது.

சிட்டு வாசலோரத்துப் பெட்டியைக் காலால் தட்டினாள். "இதை எப்பதான் போடுவீங்க? எலி கடிக்கவா வாங்கிக் குடுத்தேன்?"

"நான் பாஸானதும் போட்டுக்கறேன்."

"நீங்க பாஸாக இன்னும் நாளாகும்" என்றாள் சிட்டு. சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து செருப்பை எடுத்து டீச்சரின் காலடியில் வைத்தாள். "அதுவரைக்கும் குதிகால் தாங்கணும் இல்ல? நிக்கறதுக்குத்தானே இது."